சவுக்கு இலைத் தண்ணீர் ஒளித்து வைத்த செம்பு

நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. போன மாசம் பழைய கம்பெனியிலிருந்து இரண்டு பேர் ஆரம்பாக்கத்துக்கு என்னைப் பார்க்க வந்தார்கள். கழிவுநீர் வெளியேறும் குழாயில் புதுசாக ஒரு கருவி மாட்டியிருக்கிறார்களாம். தண்ணீரில் என்ன இருக்கிறது என்று அதுவே பார்த்து எண்ணைக் கைபேசிக்கு அனுப்பிவிடுமாம்.

"அண்ணே, இனிமே ஆசிட் ஊத்திக் கொதிக்க வெக்கிற வேலை வேணாம்தான? உங்களைத் திட்டிக்கினேதான் தெனம் கொதிக்க வெக்கிறோம்" என்றார் ஒருவர்.

"திட்டிக்கினே வையி. ஆனா வையி" என்றேன்.

ஏன் என்று கேட்டார்கள். சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். நடந்து பதினோரு வருஷம் இருக்கும். வாயால் முழுசாகச் சொல்ல இன்னும் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் படித்தது பத்தாவது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வெல்டிங் கம்பி செய்யும் கம்பெனியில் சுண்ணாம்பு மூட்டை தூக்கும் ஆளாகச் சேர்ந்தேன். மூட்டை தூக்கினவன் சுண்ணாம்பு கலக்கக் கற்றுக்கொண்டேன், கலக்கினவன் வால்வு திருப்பக் கற்றுக்கொண்டேன், ஆறேழு வருஷத்தில் கழிவுநீர்ப் பிரிவின் ஆபரேட்டர் ஆகிவிட்டேன். கற்றுக்கொடுத்தவர்கள் எல்லாரும் போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொன்னவர்கள்தான். அந்த வார்த்தைகளைப் பிடித்து வைத்துக்கொள்வது எனக்கு ஒரு பழக்கம். கசடு பிழியும் மெஷினில் இருந்த வெங்கடேசு தடா பக்கத்துத் தெலுங்குக்காரர். மெஷின் மக்கர் பண்ணினால், "நைனா, இதுக்கு இன்னிக்கு மாமியார் ஊட்டு ஞாபகம் வந்துட்ச்சு" என்பார். அப்படிப்பட்ட பேச்சுக்காகவே நான் ஷிப்டுக்கு அரை மணி முன்னால் போவேன்.

வேலை இதுதான். இரும்புக் கம்பியை அமிலத்தில் கழுவி, செம்புக் கரைசலில் முக்கியெடுத்தால் அதன்மேல் தங்கம் மாதிரி ஒரு பூச்சு ஏறும். அப்புறம் கம்பியைத் தண்ணீரில் அலசுவார்கள். அந்த அலசின தண்ணீர் எங்களிடம் வரும். அதில் அமிலமும் இருக்கும், செம்பும் இருக்கும். சுண்ணாம்பைப் போட்டுக் கலக்கினால் அமிலம் அடங்கும், செம்பு பச்சையும் நீலமுமாகத் திரிந்து அடியில் சேறாக உட்காரும். சேற்றைப் பிழிந்து கட்டியாக்கி மூட்டை கட்டி வைப்போம், அதற்கென்று உள்ள லாரி வந்து எடுத்துப்போகும். மேலே தெளிந்த தண்ணீர் மணல் வடிகட்டி வழியாகக் கடைசித் தொட்டிக்குப் போகும். அங்கிருந்து தோட்டத்துக்கு. தோட்டம் குடித்தது போக மிச்சம் மதிலுக்கு வெளியே கால்வாயில் ஓடும்.

எங்கள் கெமிஸ்ட் ராகவன் சார். ஒல்லியான மனிதர், காதில் எப்போதும் பென்சில். மூட்டை தூக்குகிறவனையும் "நீங்க" என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஏதாவது ஓடிப்போய்ச் சொன்னால், "கன்னியப்பன், நீங்க பார்த்தது என்ன, நெனச்சது என்ன? ரெண்டையும் தனித்தனியா சொல்லுங்க" என்பார். பாதி நேரம் நான் பார்த்தது ஒன்றுமே இருக்காது.

தினமும் மூன்று முறை செம்பு சோதனை. அதைச் சாரே எனக்குக் கற்றுக்கொடுத்தார். சோதனைக் குழாயைக் கடைசித் தொட்டித் தண்ணீரால் மூன்று தடவை அலசு. கோடு வரைக்கும் பிடி. ஒரு பொட்டலம் பொடியைக் கொட்டு, மூடி, தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்கு. இரண்டு நிமிஷம் தொடாதே. அப்புறம் வெள்ளை ஓட்டின்மேல் வைத்து மேலிருந்து பார். செம்பு இருந்தால் கத்திரிப்பூ நிறம் வரும். எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு செம்பு. நிறமே வரவில்லை என்றால் "இல்லை" என்று எழுது.

இன்னொரு வழக்கமும் உண்டு. சிப்காட்டில் பல கம்பெனிகளில் பார்க்கலாம். கடைசித் தொட்டியில் மீன் விட்டு வைப்பது. நாங்கள் ஜிலேபிக் கெண்டை விட்டிருந்தோம். யார் ஆய்வுக்கு வந்தாலும் முதலில் மீனைத்தான் காட்டுவோம். காகிதத்தைப் படிக்க நேரமாகும், மீனைப் பார்க்க ஒரு நொடி போதும். ஆனால் எங்கள் தொட்டியில் மீன் நிலைக்காது. சுண்ணாம்பு கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் செம்பு மிஞ்சும், விடிந்தால் நாலு மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். வெங்கடேசு வலையோடு வந்து, "இன்னிக்கு எத்தினி பேரு லீவு நைனா?" என்பார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஐப்பசி மழை வந்தது.

எங்கள் மதிலுக்குப் பின்னால் ஒரு சவுக்குத் தோப்பு. அதன் ஓரத்தில் ஒரு குட்டை. வருஷக்கணக்காகச் சவுக்கு இலை விழுந்து ஊறி ஊறி, அந்தத் தண்ணீர் காபி டிகாஷன் மாதிரி இருக்கும். நாங்கள் அதை டிகாஷன் குட்டை என்றே சொல்வோம். அந்த மழையில் குட்டை உடைத்துக்கொண்டு, மதில் ஓட்டை வழியாக எங்கள் முதல் தொட்டியில் வந்து கலந்துவிட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். வெளியே போகும் தண்ணீர் வெளிறின டீ நிறத்தில் இருந்தது.

பயந்துகொண்டே சோதனை பண்ணினேன். கத்திரிப்பூ நிறமே இல்லை. மறுபடி பண்ணினேன். இல்லை. வழக்கமாக லேசான கத்திரிப்பூ வரும் தண்ணீர், பொடி போட்ட பிறகும் அதே வெளிறின டீ நிறத்தில் சும்மா இருந்தது. அதைவிட ஆச்சரியம், தொட்டி மீன் ஒன்றுகூடச் சாகவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். தண்ணீர் டீ நிறத்தில் இருக்கிற வரைக்கும் மீன் துள்ளி விளையாடியது.

நான் என்ன நினைத்தேன்? இலைத் தண்ணீர் செம்பைத் தின்றுவிடுகிறது என்று நினைத்தேன்.

ஓடிப்போய்ச் சாரிடம் சொன்னேன். அவர் அன்றைக்கு, பார்த்தது என்ன நினைத்தது என்ன என்று கேட்கவில்லை. மீனைக் காட்டினேன், குழாயைக் காட்டினேன். அவரும் குனிந்து பார்த்தார். "பார்க்கலாம்" என்றார். மழை நின்றதும் குட்டையில் ஒரு சின்ன பம்பு போட்டு, அளவாக அந்தத் தண்ணீரை முதல் தொட்டிக்கு விட ஆரம்பித்தோம். பக்கத்துக் கம்பெனி ஆபரேட்டர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு "டிகாஷன் டாக்டர்" என்று பெயரே வைத்துவிட்டார்கள். மீன் குஞ்சு பொரித்தது. கசடு மூட்டையும் குறைந்தது. வாரத்துக்கு ஒன்பது மூட்டை கட்டினவர்கள் ஆறுதான் கட்டினோம். "உன் இலைக்கு வயிறு பெருசு நைனா, மூணு மூட்டையை முழுங்குது" என்று வெங்கடேசு சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த மூன்று மூட்டை எங்கே போனது என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வெளி லேப்புக்கு மாசம் ஒருமுறை தண்ணீர் சாம்பிள் போகுமே, அவர்கள் கண்டுபிடிக்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். தண்ணீர் டீ நிறத்தில் போனால் நிறத்துக்காகக் குறை எழுதிவிடுவார்களே என்று, சாம்பிள் எடுக்கிற நாளுக்கு மூன்று நாள் முன்னாலேயே குட்டை பம்பை நான் நிறுத்திவிடுவேன். ஏமாற்றணும் என்று இல்லை. விருந்தாளி வருகிறார் என்று வீட்டைப் பெருக்குகிற மாதிரிதான் நினைத்தேன். ஆக, அந்தத் தண்ணீர் வெளி லேப்புக்குப் போகவே இல்லை.

பார்த்துச் சந்தேகம் கேட்டவள் ஒருத்திதான். குப்பம்மா.

மதிலுக்கு அந்தப் பக்கம், கால்வாய் ஓரம் அவள் வீடு. புருஷனுக்கு உருக்காலையில் வலது கை விரல் நாலு போய்விட்டது. இருபத்து மூன்று செம்மறி ஆடு, சிவப்பு நிறம், அவைதான் அந்த வீட்டுக்குச் சோறு. கால்வாய்க் கரையில் எங்கள் தண்ணீரில்தான் புல் வளரும், ஆடுகள் அங்கேதான் மேயும், குடிக்கும். ஒருநாள் மதில் ஓட்டை வழியாகக் கூப்பிட்டாள்.

"யண்ணா, தண்ணி இன்னா டீ மாதிரி வருது? ஆடு குடிச்சா ஒண்ணும் ஆவாதே?"

"இலைத் தண்ணிம்மா அது. முன்ன வந்ததுக்கு இதான் சுத்தம். மீனைப் பாக்குறியா?" என்று கேட் வழியாக உள்ளே கூட்டிவந்து தொட்டியைக் காட்டினேன்.

குனிந்து பார்த்தாள். குட்டி மீன்கள் அவள் நிழலைப் பார்த்து ஓடின. "அடேங்கப்பா, பள்ளிக்கூடம் உட்ட மாதிரி இருக்குதே! செரிண்ணா, நீ சொன்னா செரி" என்று போய்விட்டாள்.

இரண்டு வருஷம் ஓடியது.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் கேட்டில் வந்து நின்றாள். தலை கலைந்திருந்தது. "மூணு ஆடு உழுந்துட்ச்சுண்ணா. ராத்திரி நல்லா தின்னுச்சு. காத்தால எழுந்துக்கல. கண்ணு மஞ்சாவா இருக்குது, மூத்திரம் ரத்தமா போவுது."

சாரிடம் சொல்லிவிட்டு அவளோடு போனேன். கால்நடை டாக்டரம்மா அதற்குள் வந்திருந்தார். நான் போகும்போது இரண்டு செத்திருந்தன, மூன்றாவது தலையைத் தரையில் போட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டு செத்ததில் ஒன்றை அறுத்தார். தோலுக்கு அடியில் கொழுப்பெல்லாம் மஞ்சள் அரைத்துத் தடவின மாதிரி. சிறுநீரகம் இரண்டும் இரும்புக் கறுப்பு. மூத்திரப்பையைக் கீறினால் நாவல்பழச் சாறு மாதிரி வழிந்தது. நான் வாழ்நாளில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"செம்பு விஷம் மாதிரி தெரியுது" என்றார். "ஈரலை லேப்புக்கு அனுப்பி உறுதி பண்ணணும். வெள்ளாடு ஓரளவு தாங்கும். செம்மறிக்குச் செம்பை வெளிய தள்ளத் தெரியாது. ஈரல்ல மாசக்கணக்கா சேத்து வெச்சுக்கிட்டே இருக்கும், வெளிய ஒண்ணுமே தெரியாது. ஒருநாள் ஈரல் தாங்காம மொத்தத்தையும் ரத்தத்துல கொட்டிடும். இங்க செம்பு எங்கேர்ந்து வருது?"

குப்பம்மாவின் புருஷன் கால்வாயைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இல்ல டாக்டர். தெனம் மூணு தபா பாக்குறேன். செம்பு இல்ல. மீனெல்லாம் உயிரோட இருக்கு" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நம்பினேன்.

"இருக்கலாம். எதுக்கும் இந்த மந்தையோட ஈரலை யாரும் சாப்பிடாதீங்க" என்றார்.

ஈரல் என்றதும் எனக்கு என் பெண்தான் நினைவுக்கு வந்தாள். நாலு மாசத்துக்கு முன்னால் என் பெண் ஏழாம் மாசக் கர்ப்பத்தோடு பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். ரத்தம் கம்மி என்றார்கள். அதைக் கேட்டுவிட்டு, ஆடு அறுக்கும்போதெல்லாம் ஈரலைத் தனியாக வாழை இலையில் கட்டி, "பொண்ணுக்குக் குடுண்ணா" என்று அனுப்பியவள் இந்தக் குப்பம்மாதான். என் மனைவி மிளகு போட்டு வறுத்துக் கொடுப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் ரெண்டு துண்டு தின்னும்மா என்பேன். பெண்ணும் பேத்தியும் இன்றைக்கு நன்றாகத்தான் இருக்கிறார்கள். அன்றைக்கு அது எனக்குத் தெரியாதே.

கம்பெனிக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. சாரிடம் எல்லாம் சொன்னேன். அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"கன்னியப்பன், கசடு மூட்டை ஏன் குறைஞ்சுது?"

"இலை தின்னுட்ச்சு சார்."

"அது நீங்க நெனச்சது. நானும் நெனச்சது."

கண்ணாடிக் குடுவையில் கடைசித் தொட்டித் தண்ணீரை நூறு மில்லி அளந்து ஊற்றினார். ஜன்னலைத் திறந்து, விசிறியைப் போட்டுவிட்டு, ஐந்து மில்லி நைட்ரிக் அமிலம் விட்டார். மேலே ஒரு கண்ணாடித் தட்டை வைத்து மூடி, சூட்டுத் தட்டில் ஏற்றினார். "தளதளன்னு கொதிக்கக் கூடாது. ஆவி மட்டும் போகணும்" என்றார். பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு மணி அடித்தது, எழுந்திருக்கவில்லை. நூறு மில்லி இருபது மில்லியாகச் சுண்டியது. முதலில் டிகாஷன் நிறம் இன்னும் கறுத்தது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, கடைசியில் வைக்கோல் நிறத்துக்கு வந்தது. ஆற வைத்தார். சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அமிலத்தை அடக்கினார். சுத்தத் தண்ணீர் சேர்த்து மறுபடி நூறு மில்லி ஆக்கினார்.

இரண்டு குழாய். ஒன்றில் கொதிக்க வைக்காத தண்ணீர். இன்னொன்றில் இது. இரண்டிலும் ஒவ்வொரு பொட்டலம் பொடி. "நீங்களே போடுங்க" என்றார்.

போட்டேன். கவிழ்த்தேன். வெள்ளை ஓட்டின்மேல் வைத்தேன். இரண்டு நிமிஷம் வரைக்கும் காத்திருக்கத் தேவைப்படவில்லை. முதல் குழாய் சும்மா இருந்தது. இரண்டாவதில் கத்திரிப்பூ, அதுவும் தாண்டிக் கத்திரிக்காய்த் தோல் நிறம். என் ஆயுளில் அந்தத் தொட்டித் தண்ணீரில் அவ்வளவு அழுத்தமான நிறத்தை நான் பார்த்ததே இல்லை.

சார் மெதுவாகச் சொன்னார். இலையும் தழையும் ஊறி மக்கும்போது தண்ணீரில் இறங்குகிற அந்தப் பழுப்புச் சாறு இருக்கிறதே, அதற்குக் கை நிறைய. ஒவ்வொரு கையாலும் செம்பைப் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்பு வந்து கூப்பிட்டாலும் விடாது, அதனால் செம்பு சேறாக உட்காராமல் தண்ணீரோடேயே போய்விடும். பொடி வந்து கூப்பிட்டாலும் விடாது, அதனால் நிறமும் வராது. மீன் செவுளில் போய் ஒட்டிக் கொல்லுவது தனியாகத் திரிகிற செம்புதான். பிடிபட்டுக் கிடக்கிற செம்புக்கு அங்கே போய் ஒட்ட முடியாது, அதனால் மீனும் சாகாது. ஆனால் செம்பு எங்கேயும் போகவில்லை. கால்வாய்க்குப் போய், வெயிலிலும் மண்ணிலும் அந்தச் சாறு சிதையச் சிதைய, செம்பு புல்லோடும் சேற்றோடும் தங்கிவிடும். அமிலம் ஊற்றிச் சுட்டால்தான் சாறு எரிந்து, மூடின கை திறக்கும்.

"சார், அப்ப ரெண்டு வருசமா நான் எழுதின 'இல்லை' எல்லாம்..."

"நான் கையெழுத்துப் போட்டது எல்லாம்" என்றார் அவர்.

மூன்று மூட்டை. வாரம் மூன்று மூட்டைச் சேறு. சேறாக இல்லாமல், டீ மாதிரித் தெளிவாக, என் மீன்களுக்கு நடுவே நீந்தி, குப்பம்மாவின் புல்லுக்குப் போயிருக்கிறது. நான் வால்வைத் திறந்துவிட்டேன், அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டேன்.

சார் அன்றைக்குப் பேனாவை எடுத்தார். பதிவேட்டில் அந்த நாள் பக்கத்தில், முன் இரண்டு வருஷச் செம்பு அளவுகள் தவறு, தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் எடுத்தவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். குட்டை பம்பைக் கழற்றச் சொன்னார். வெளிக் குழாயை மூடச் சொன்னார். மேனேஜருக்குப் போன் பண்ணினார். அந்தப் பக்கத்துப் பேச்சு எனக்கும் கேட்டது: அவசரப்பட்டு வெளியே எதுவும் சொல்லாதீர்கள், ஈரல் ரிப்போர்ட் வரட்டும். சார் "நான் பார்த்ததைத்தான் சொல்லப் போறேன் சார்" என்று போனை வைத்துவிட்டு, செருப்பை மாட்டினார். "வாங்க" என்றார்.

குப்பம்மா வீட்டு வாசலில் மூன்றாவது ஆடும் அடங்கியிருந்தது. மிச்சம் இருபதையும் டாக்டரம்மா சொன்னபடி கரையிலிருந்து ஓட்டிவந்து கட்டியிருந்தார்கள். சார் கைகூப்பிவிட்டுச் சொன்னார்: "அம்மா, நான் அந்தக் கம்பெனி கெமிஸ்ட். தப்பு எங்களுது. தண்ணியில செம்பு இருந்திருக்கு. கையெழுத்துப் போட்டவன் நான்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ யாரோ சார். உன் கையெழுத்த நான் கண்டனா? எனக்கின்னா படிக்கத் தெரியுமா?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "நீ சொன்னண்ணா."

நான் தலையை ஆட்டினேன்.

"நீ சொன்னன்னுதான் மேய உட்டேன். நீ சொன்னன்னுதான் கால்வா பூரா சொல்லிக்கினு திரிஞ்சேன். நம்ப கன்னியப்ப அண்ணன் மீனக் காட்டிச்சு, தைரியமா தண்ணி எடுங்கன்னு. ரயில் பாலம் வரிக்கும் ஏழு ஊடு இருக்குது. அத்தினி பேருக்கும் என் வாயாலதான் போச்சு." புடவைத் தலைப்பால் மூக்கைச் சிந்தினாள். "எனக்கு இன்னிக்கு எழுந்துக்க முடியாது. ஆடு கெடக்குது. நீ போ. என் வாயால போனத உன் வாயால போய் மாத்திச் சொல்லு. சாரு வேணாம். நீ போ."

இருபதில் ஆறு பிற்பாடு செத்தன. மிச்சம் மருந்தில் பிழைத்தன. ஈரல் ரிப்போர்ட்டும் செம்பு என்றுதான் வந்தது. கம்பெனி கால்வாய்ச் சேற்றை வாரியதும், அவளுக்கு ஆடு வாங்கிக் கொடுத்ததும் அப்புறம் நடந்தவை. அந்தப் பகலில் எனக்கு இது ஒன்றும் தெரியாது. கால்வாய்க் கரையோடு தனியாக நடந்தேன்.

முதல் வீட்டில் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மூன்றாவது வீட்டில் ஒருவர் அடிக்க வந்தார், அவருடைய மகள் தடுத்தாள். ஐந்தாவது வீட்டில், "அப்ப மீனு?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் அதையே சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டுவிட்டது.

ஏழாவது வீடு ரயில் பாலத்தை ஒட்டி. கீரை போடுகிறவர். கால்வாய்க்கு இரண்டடி தள்ளி மணலில் ஊற்று தோண்டி, அதில் குனிந்து தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார். என் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் நிமிர்ந்து, முகமெல்லாம் சிரிப்பாக, "கம்பெனில மீனு காட்டின அண்ணன் நீங்கதானா? குப்பம்மா சொல்லிக்கினே இருக்கும். வாங்க, இன்னா வெயிலு! மொதல்ல தண்ணி குடிங்க" என்று சொம்பை நீட்டினார். "ரெண்டு வருசமா நாங்க எல்லாம் இதான் குடிக்கிறோம். எங்கயும் நடக்கத் தேவையில்ல, உங்க புண்ணியம்."

சொம்பை வாங்கினேன். தண்ணீர் லேசான டீ நிறத்தில், அடி தெரிகிற மாதிரி தெளிவாக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைத் தரையில் ஊற்றினேன். அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது.

"இன்னாய்யா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். இடுப்பில் குழந்தை. அவளும் பக்கத்தில் வரட்டும் என்று காத்திருந்தேன். அந்த வாசலில் என்னால் ஒரு தடவைதான் சொல்ல முடியும் போலிருந்தது.